ஆறேகால் மணிப் பாட்டு

அத்தியாயம் 12

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரேடியோ மெக்கானிக் வால்வு மூன்றாவது தடவையாக முள்ளை எடுத்து இசைத்தட்டின் ஓரத்தில் வைத்தான். மூன்றாவது தடவையும் அது 'சர்ர்' என்று இழுத்துவிட்டு, வெளிப்பக்கமாக வழுக்கி, கீழே ரப்பர் விரிப்பில் போய் விழுந்தது.

"செத்துப்போச்சு," என்றான். "இதுல ஒண்ணும் இல்லை."

"காலங்காத்தால நல்ல வார்த்தையா சொல்லுங்க," என்றாள் அவன் மனைவி, கைப்பைக்குள் சாவியைத் தேடிக்கொண்டே.

வால்வுக்கு நாற்பத்தேழு வயது. வீட்டின் கீழ்த்தளத்தில் ரேடியோ ரிப்பேர் கடை. வால்வு வைத்த பழைய செட்டுகள் போய் டிரான்சிஸ்டர் வந்து இருபது வருஷமாகியும் வால்வு என்ற பட்டப்பெயர் அவனை விட்டுப் போகவில்லை. இந்த வயதுக்காரரை அவன் இவன் என்று எழுதலாமா என்று போன மாதம் ஒரு வாசகி கோபித்துக்கொண்டு கடிதம் போட்டிருந்தார். அம்மா மாடியில் உட்கார்ந்திருக்கும் வீட்டில் எந்த மகனும் 'அவர்' ஆக முடியாது அம்மணி, மன்னிக்க வேண்டும்.

தட்டு இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த கதையைப் போன வாரம் படித்திருப்பீர்கள். தவறவிட்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊர் வானொலி நிலையத்துக்கு வருகிற சனிக்கிழமை ஐம்பது வயது. தொடக்க காலத்தில் பாடியவர்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி தயாராகிறது. பட்டியலில் ஆறு பேர் இருக்கிறார்கள். ஏழாவதாக ஒரு பெண் பாடினாள் என்று பழைய ஆட்கள் சொல்கிறார்கள், ஆதாரம்தான் இல்லை. அந்த நாளில் ஏறக்குறைய எல்லாமே நேரடி ஒலிபரப்பு, பாடிய பாட்டு காற்றோடு போயிற்று. எப்போதாவது வெட்டி வைத்த தட்டுகளும் பெரும்பாலும் தொலைந்துவிட்டன. பதிவேடுகளைக் கரையான் பார்த்துக்கொண்டது. நிலையத்து நிகழ்ச்சி அதிகாரி அம்மாள் புது மூக்குக்கண்ணாடி வாங்கக் கண்ணாடிக் கடைக்கு வந்தபோது, அங்கே வேலை பார்க்கும் வால்வின் மனைவியிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னார். "அது எங்க மாமியார்தாங்க," என்று அவள் சொன்னாள். அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொள்ளாமலே அவளை உற்றுப் பார்த்தார்.

நிலையத்துக் கிடங்கில் ஒரே ஒரு தட்டு அகப்பட்டது. உறையில் 'பெண் குரல், தனிப்பாட்டு' என்று மட்டும் எழுதியிருந்தது. நிலையத்து இளைஞர்கள் ஓட்டிப் பார்த்து, முள் நிற்கவில்லை, தட்டு பழுது என்று ஒதுக்கிவிட்டார்கள். அதைத்தான் மருமகள் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இன்று மாலை ஐந்து மணி கெடு. அதற்குள் தட்டு பாட வேண்டும், பாடுவது அம்மாதான் என்று தெரிய வேண்டும். இல்லையென்றால் ஆறு பேரோடு பட்டியலை மூடிவிடுவார்கள். அம்மா பாடினாள் என்று சொல்ல அதற்குப் பிறகு உலகத்தில் ஒன்றும் மிஞ்சாது.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அம்மா பாடகி என்பதைச் சொந்த மகனே நம்பவில்லை. அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவான். அப்படிப்பட்டவன் இரண்டு நாளாக வாடிக்கையாளர்களின் செட்டுகளை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு இந்தத் தட்டோடு மல்லுக்கட்டுகிறான். அகலத் தட்டு, சாதாரண பிளேயரில் உட்காராது. அதற்காகப் பலகை அறுத்து, மோட்டாரை மாற்றி, முள் பிடிக்கும் கையைத் தள்ளிப் பொருத்தி, ஒரு புது பிளேயரே செய்துவிட்டான். தட்டு பாட வேண்டும் என்று செய்கிறானா, பாடாது என்று நிரூபிக்கச் செய்கிறானா என்று கேட்டால் அவனுக்கே பதில் தெரியாது.

"அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?" என்றாள் மனைவி.

"கேக்கக் கூடாது. அவங்க காதுக்கே இது போகக் கூடாது."

"பெத்த தாயை அவங்க இவங்கன்னு சொல்றீங்களே, யாரோ மூணாம் மனுஷியைச் சொல்ற மாதிரி."

"கடைக்கு நேரமாச்சு உனக்கு," என்றான் வால்வு.

அவள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு இரண்டு மணிக்குத் திரும்பி வந்தாள். வால்வு சாப்பிட்ட மாதிரி தெரியவில்லை. ரசமட்டம் வைத்து மேசையைச் சமன் செய்திருந்தான். முள் பிடிக்கும் கை இலேசாக இருக்கிறது என்று அதன் மேல் ஒரு நட்டைக் கட்டிப் பார்த்து, கனமாகிவிட்டது என்று அவிழ்த்தும் வைத்திருந்தான். இப்போது அவன் கையில் ஒரு புது பிளேடு இருந்தது.

"எதுக்கு அது?"

"ஓரத்துல பூச்சு மேடா இருக்கு. கொஞ்சம் சீவிவிட்டா முள் உள்பக்கம் திரும்பும்."

"சீவினது பாட்டா இருந்தா?"

அவன் பிளேடைத் தட்டின் ஓரத்துக்குக் கொண்டுபோனான். அவள் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவன் வேலை செய்யும்போது அவள் கையைப் பிடித்தது இதுதான் முதல் தடவை.

"நடுவுல எங்கயாவது முள்ளை வச்சுப் பாருங்களேன்."

"நடுவுலயா? இது கடையில விக்கற ரெக்கார்டு இல்லை. அலுமினியத் தகடு மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சு. முள்ளு கோடு மாறி இறங்கினா கிழிச்சிடும். ஓடாத தட்டுல நடுவுல முள்ளை இறக்கறவன் மெக்கானிக்கே இல்லை."

"பிளேடால சீவறவன் மட்டும் மெக்கானிக்கா? முதல்ல அதைக் கீழ வைங்க. அத்தைகிட்ட ஏன் கேக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. சொன்னாத்தான் கையை விடுவேன்."

வால்வு பிளேடைக் கீழே வைத்தான். பிறகு, இத்தனை அத்தியாயமாக உங்களிடமும் என்னிடமும் சொல்லாததைச் சொன்னான்.

"எனக்குப் பத்து வயசு. அப்பா வெளியூர்ல வேலையா இருந்தார். நான் பொறக்கறதுக்கு முன்னாடி ரேடியோவுல பாடினேன்னு அம்மா சொல்லுவாங்க. ஒரு நாள் வந்து, மறுபடி கூப்பிட்டிருக்காங்கடா, நாளைக்கு சாயங்காலம் ஆறேகாலுக்குப் பாடறேன், கேளுன்னாங்க. நம்ம வீட்டுல ரேடியோ ஏது? தெருமுனை சலூன்ல ஒண்ணு இருந்துச்சு. நான் கிளாஸ் முழுக்கத் தம்பட்டம் அடிச்சேன். பதினோரு பசங்க வந்தாங்க. சலூன்காரர் பெஞ்சை எல்லாம் இழுத்துப் போட்டார். முடிவெட்டிக்கிட்டிருந்த ஒருத்தர் பாதித் தலையோட எங்க பக்கம் திரும்பி உக்காந்துட்டார்."

"அப்புறம்?"

"ஆறேகாலுக்கு ஒரு ஆம்பளை செய்தி படிச்சான். ஆறரைக்கும் செய்தி. ஏழுக்கும் அதே ஆள், அதே செய்தி. முட்டைக்கண்ணன்னு ஒருத்தன், இப்ப துணிக்கடை வச்சிருக்கானே, அவன்தான் ஆரம்பிச்சான். உங்கம்மா குரல் ரொம்ப கம்பீரமா இருக்குடான்னு. அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வர வரைக்கும் எனக்கு அதுதான்."

அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"ஏழரைக்கு அம்மா வந்தாங்க. மூஞ்சியெல்லாம் பூரிப்பு. 'கேட்டியாடா'ன்னாங்க. இனிமே உன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போய்க் குப்புறப் படுத்துட்டேன். அவங்க ஏன்னு கேக்கலை. நானும் சொல்லலை. அதுக்கப்புறம் வீட்டுல அவங்க ஒரு வரி பாடி நான் கேட்டதில்லை. பாடத் தெரிஞ்சாத்தானே பாடறதுக்கு."

மணிக்கட்டை விட்டுவிட்டு அவள் நேராக மாடிப்படி ஏறினாள். பின்னால் அவன் கூப்பிட்டது காதில் விழாதது போல ஏறினாள்.

அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பாவாடை நாடாவை ஊக்கில் கோத்து மடிப்புக்குள் நகர்த்திக்கொண்டிருந்தாள். எழுபது வயதிலும் அந்த வேலைக்கு மூக்குக்கண்ணாடி தேவைப்படாது, கண்ணாடிக் கடைக்காரி மருமகளாக இருந்தும் பிரயோஜனமில்லை என்று தானே கேலி செய்துகொள்வாள். வீட்டில் கீழே முப்பது ரேடியோ கிடக்கும். அம்மாவின் அறையில் ஒன்று கிடையாது.

"என்னம்மா, தட்டு பாடலையா?" என்றாள், தலை நிமிராமலே.

மருமகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "உங்களுக்கு எப்படி அத்தை தெரியும்?"

"துண்டுக்குள்ள ஒண்ணைச் சுத்தி எடுத்துக்கிட்டு, திருடி மாதிரி பூனைநடை நடந்தா மாமியாருக்குத் தெரியாதா? நானும் ரெண்டு நாளா அவன் மோட்டாரை ஓட்டறதையும் நிறுத்தறதையும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஓட்டறான், சர்ருங்குது, நிறுத்தறான்."

"முள்ளு நிக்க மாட்டேங்குது. வெளிய வழுக்கி வழுக்கி விழுது."

ஊக்கு நின்றது. "எங்க வைக்கறான்?"

"ஓரத்துலதான். வேற எங்க வைப்பாங்க?"

அம்மா சிரித்தாள். பாவாடையை மடியில் போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "ரெண்டு நாளாவா? பிளேயரை எல்லாம் அறுத்து ஒட்டினானே, அதெல்லாம் இதுக்கா? நடுவுலேருந்து வைக்கச் சொல்லும்மா. எங்க நிலையத்துத் தட்டு உள்ளேருந்து ஆரம்பிச்சு வெளியே வந்து முடியும்."

"அது எப்படி அத்தை?"

"பாட்டை ஊசியால தட்டுல வெட்டும்போது பூச்சு சுருள் சுருளா வரும், கருப்பா, முடி மாதிரி. வெளியேருந்து வெட்டிக்கிட்டே போனா அந்தச் சுருள் ஊசி போற பாதையில வந்து சிக்கும். உள்ளேருந்து வெட்டினா அது நடுவுல ஒதுங்கிக் கிடக்கும், தொந்தரவு கிடையாது. எங்க இன்ஜினியர் எப்பவும் அப்படித்தான். மத்தவங்க பாடும்போது பிரஷ்ஷை வச்சுக்கிட்டு அந்தச் சுருளைத் தள்ளிவிடறது என் வேலை. ஒரு நாள் என் பின்னல்ல ஒட்டிக்கிட்டு வீடு வரைக்கும் வந்துச்சு."

தொழில் தெரியாத யாராவது போகிறபோக்கில் நடுவில் முள்ளை வைத்திருந்தால் அந்தத் தட்டு ஞாயிற்றுக்கிழமையே பாடியிருக்கும். தொழில் தெரிந்தவன் கையில் அகப்பட்டதுதான் அதன் கஷ்டகாலம்.

மருமகள் கீழே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. "அத்தை, அவரு சின்னப் பையனா இருந்தப்ப நீங்க ஒரு நாள் பாடினீங்களாமே. சலூன்ல ரேடியோ," என்று ஆரம்பித்தாள்.

"சொல்லிட்டானா." அம்மா ஊக்கை மறுபடி எடுத்துக்கொண்டாள். "கேட்டுட்டு வந்து என் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னுட்டான். தப்பு அவன் மேல இல்லைம்மா. தெருவே கேக்கற மாதிரி அம்மா பாடினா எந்தப் பையனுக்கும் வெக்கமாத்தானே இருக்கும். கூட வேற பதினோரு பசங்க. என்ன சொல்லிக் கேலி பண்ணினாங்களோ. அவனுக்குப் பிடிக்கலைன்னு தெரிஞ்சப்புறம் நான் வாயைத் திறக்கலை."

மருமகளுக்குத் தலை சுற்றியது. அவன் பாட்டே வரவில்லை என்கிறான். இவள் பாட்டைக் கேட்டு வெட்கப்பட்டான் என்கிறாள். இருவரும் ஒரே வீட்டில் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு முப்பத்தேழு வருஷம் இருந்திருக்கிறார்கள், ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டு பேர் மேலும் அவளுக்குக் கோபம் வந்தது.

"எழுந்திருங்க அத்தை," என்றாள். "கீழ வாங்க."

"எனக்கு முழங்கால் வலி."

"நான் பிடிச்சுக்கறேன். வாங்க."

கடைக்குள் அம்மா கால் வைத்து எத்தனை வருஷமாயிற்றோ. வால்வு சட்டென்று எழுந்து, நாற்காலியிலிருந்த இரண்டு செட்டுகளை எடுத்துத் தரையில் வைத்தான். அம்மா அதில் உட்கார்ந்தாள். மருமகள்தான் பேசினாள்.

"உள்ளேருந்து வைக்கணுமாம். லேபிள் பக்கத்துலேருந்து."

வால்வு தட்டைப் பார்த்தான். கண்ணாடிக் கடையிலிருந்து அவள் கொண்டுவந்திருந்த பூதக்கண்ணாடியை வாங்கிக் குனிந்து பார்த்தான். லேபிளை ஒட்டி ஒரு மெல்லிய கோடு தனியாகச் சுருண்டு தொடங்குவது இப்போது தெரிந்தது. எத்தனை தட்டுகளைப் பார்த்தவன். காது மடல் வரை சிவந்துவிட்டது அவனுக்கு.

மோட்டாரை ஓட்டி, முள்ளை அந்தக் கோட்டில் இறக்கினான். முள் சரியாக உட்கார்ந்தது.

முதலில் இரைச்சல் வந்தது. பிறகு ஒரு ஆண் குரல், மைக்குக்கு மிக அருகில், யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போலத் தணிந்து பேசியது.

"பதினெட்டாம் தேதி, சாயங்காலம் ஆறேகால். அவசரச் செய்தி குறுக்கே வந்துடுச்சு. பாட்டு வெளியே போகலை. உள்ளே அந்தம்மாவுக்கு இன்னும் தெரியாது. நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரலை. பாடட்டும், நான் பிடிச்சு வைக்கறேன்."

அம்மாவின் கை நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டது.

பிறகு பாட்டு வந்தது.

*நில்லு மழையே, ஒரு நிமிஷம் நில்லு,*
*மாடியில் என் துணி காயுது.*

குழந்தைகளுக்கான பாட்டு. மழையோடு ஒருத்தி பேரம் பேசுகிறாள், கொடியிலிருக்கும் ஒவ்வொரு துணியாக எடுக்கும் வரை பொறுத்துக்கொள்ளச் சொல்கிறாள். குரலில் குழைவு, நடுக்கம், அலங்காரம் எதுவும் இல்லை. தெளிவாக, நேராக, ஒவ்வொரு சொல்லும் கையில் எடுத்துத் தரும் குரல். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே பாடுகிறாள் என்பது கேட்கிறவருக்குத் தெரியும். வாசலில் டிரான்சிஸ்டரோடு வந்த வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே வராமல் அங்கேயே நின்று கேட்டார்.

வால்வு நின்றபடியே கேட்டான். முள் மெல்ல மெல்ல வெளிப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. நான்கு நிமிஷம் இருக்கும். கடைசியில் ஓரத்துக்கு வந்து, 'சர்ர்' என்று இழுத்து, விழுந்தது. இரண்டு நாளாக அவன் கேட்டுக்கொண்டிருந்தது பாட்டின் முடிவை.

"வெளியே போகுதுன்னு காட்டற சிவப்பு விளக்கு எரிஞ்சுதே," என்றாள் அம்மா. யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தான் சொல்லிக்கொண்டாள். "பாடி முடிக்கற வரைக்கும் எரிஞ்சுதே. வெளியே வந்தா எல்லாரும் அங்கயும் இங்கயும் ஓடிட்டிருந்தாங்க. யாரும் ஒரு வார்த்தை சொல்லலை. மறுநாளே கடுதாசி வந்துச்சு, இனி செய்தி மட்டும்தான், பாட்டுக்காரங்க வர வேண்டாம்னு. அப்புறம் கூப்பிடவே இல்லை."

"நீ பாடியிருக்கேம்மா," என்றான் வால்வு.

"நீ கேக்கலையாடா?"

"வரவே இல்லைம்மா. செய்திதான் வந்துச்சு. நீ பொய் சொல்லிட்டேன்னு நினைச்சேன்."

"நான் பாடினது உனக்குப் பிடிக்கலைன்னு நினைச்சேன்." அம்மா நிறுத்தி மூச்சு விட்டாள். "அவங்க வேற ஏதோ பாட்டு குடுத்தாங்க, பெரியவங்க பாட்டு. பசங்கள்லாம் கேக்கப்போறாங்கன்னு நீ சொன்னியே, அதுக்காக நான்தான் சண்டை போட்டு இதை வாங்கினேன்."

அவன் தரையில் உட்கார்ந்து அம்மாவின் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டான். வலிக்கிற முழங்கால்தான். அம்மா காலை நகர்த்தவில்லை. வாசலில் நின்ற வாடிக்கையாளர் நாளைக்கு வருகிறேன் என்று சைகை காட்டிவிட்டு நல்ல மனிதராகப் போய்விட்டார்.

மணி நாலேகால். மருமகள் மூக்கைச் சிந்திக்கொண்டு கடைத் தொலைபேசியை எடுத்து நிலையத்துக்குச் சுழற்றினாள். தட்டு பாடிவிட்டது, பாடினது அத்தைதான் என்று கேட்டதும் அதிகாரி அம்மாள் மறுமுனையில் யாரிடமோ, "ஏழு பேர்னு மாத்துங்க," என்று சொன்னது கடையில் எல்லோருக்கும் கேட்டது. "தட்டைக் கொண்டாந்துடுங்க. சனிக்கிழமை ஆறேகாலுக்கு இதையே போடறோம். அன்னைக்குப் போகாதது இப்பப் போகட்டும்."

"போடக் கூடாதுன்னு சொல்லு," என்றாள் அம்மா.

மருமகள் தொலைபேசியின் வாய்ப்பகுதியைக் கையால் மூடினாள். "அத்தை?"

"ரெண்டாவது சரணத்துல மூச்சு வாங்கியிருக்கேன். உங்களுக்குத் தெரியலை, எனக்குத் தெரியுது. பத்து வருஷம் கழிச்சுப் பாடினேனா, பயம். தட்டை ஆதாரத்துக்கு வச்சுக்கட்டும். பாட்டை நான் வந்து பாடறேன்."

"எழுபது வயசுலயா?"

"குரலுக்குத்தானே மைக்கு. முழங்காலுக்கா?"

சொல்லிவிட்டு அங்கேயே ஒரு வரி பாடிப் பார்த்தாள். 'நில்லு' என்பதிலேயே குரல் உடைந்து இருமலாக மாறியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னும் கீழே இறங்கி, மெதுவாக எடுத்தாள். இந்தத் தடவை 'மழையே' வரை வந்தது. கரகரப்பாக, ஆனால் சுருதியோடு வந்தது.

"நாலு நாள் இருக்கு," என்றாள் அம்மா. "கொஞ்சம் வெந்நீர் வை."

மருமகள் கையை எடுத்து, அத்தையே நேரில் வந்து பாடப்போவதாக அதிகாரி அம்மாளிடம் சொன்னாள். அவர், "நேரடியாவா? இங்க நேரடிப் பாட்டை நிறுத்திப் பத்து வருஷமாச்சும்மா. நிலைய இயக்குநர்தான் அனுமதிக்கணும். அவர் வியாழக்கிழமைதான் ஊர்லேருந்து வருவார். முடியாதுன்னு சொல்லலை. முடியும்னும் என்னால சொல்ல முடியாது," என்றார்.

மருமகள் வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு, தட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு, ஐந்து மணிக்குள் நிலையத்துக்குப் போய்ச் சேர அவசர அவசரமாகச் செருப்பை மாட்டினாள். அதற்குள் வால்வு தொலைபேசி முன்னால் உட்கார்ந்து ஒரு நம்பரைச் சுழற்றியிருந்தான்.

"துணிக்கடையா? முதலாளியைக் கூப்பிடுங்க. வால்வுன்னு சொல்லுங்க." கொஞ்சம் காத்திருந்தான். "டேய், நான்தான். சனிக்கிழமை சாயங்காலம் ஆறேகாலுக்கு உன் கடையில ரேடியோவைச் சத்தமா வை. எங்கம்மா பாடறாங்க."

மறுமுனையில் முட்டைக்கண்ணன் என்ன சொன்னான் என்று தெரியவில்லை. சிரித்தது மட்டும் கேட்டது.

"ஆமாடா," என்றான் வால்வு. "அதே அம்மாதான்."

வைத்துவிட்டு அடுத்த நம்பருக்காகப் பழைய டைரியைப் புரட்டினான். மனைவி வாசற்படியிலேயே நின்றாள்.

"என்னங்க, அவங்க இன்னும் சரின்னு சொல்லலை. வியாழக்கிழமை முடியாதுன்னுட்டா? மறுபடியும் செய்தி வந்தா?"

"தெரியும்," என்றான் வால்வு, டயலைச் சுழற்றிக்கொண்டே. "பதினோரு பேர்ல இன்னும் நாலு பேர் இந்த ஊர்லதான் இருக்காங்க. அவங்களுக்கும் சொல்லிடறேன்."